நாய் வளர்ப்பவன் சம்சாரி



சென்ற மாதப் பூசையன்று நடந்த ஒரு சிறு சம்பவத்தைப் பற்றி இம்மடலில் எழுத வேண்டியிருக்கின்றது. பெயர்கள் வேண்டாம். அன்றைய நைவேத்தியத்திற்கென ஒரு சகோதரி வீட்டிலிருந்து மோதகம் அவித்துக் கொண்டுவந்திருந்தார். மண்டபத்துக் குசினியில் அதை வாங்கி வைக்கும் நேரத்தில், "அவையின்ர வீட்டில நாய் நிக்குது" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். தாழ்ந்த குரல்தான், ஆனால் கேட்கக் கூடாதவருக்குக் கேட்டுவிட்டது. மோதகத் தட்டு மடைக்குப் போகாமல் மேசையின் ஓரத்திலேயே இருந்தது. பூசை முடிந்ததும் அச்சகோதரி ஒரு சொல்லும் பேசாமல் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் தாயிடம் ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டபடி பின்னால் போனாள். என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிப்பது கடினமல்ல.

இவ்விடயம் பற்றி நிர்வாக சபை அடுத்த கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கவுள்ளது. நாய் வளர்க்கும் வீட்டாரிடம் நைவேத்தியமும் அன்னதானப் பண்டமும் ஏற்கக் கூடாது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். காலம் மாறிவிட்டது, இதையெல்லாம் பேசுவதே வெட்கம் என்று மறு சாரார் கூறுகின்றனர். எனக்கு இரண்டு கருத்துக்கள் உண்டு. முதலாவது முதற் சாராருக்குப் பிடிக்காது. இரண்டாவது மறு சாராருக்குப் பிடிக்காது. ஆயினும் இரண்டையும் சொல்லிவிடுகின்றேன்.

நாய் வளர்ப்பதால் ஒருவருடைய இறைபணி உரிமை போய்விடாது என்பது முதலாவது. நம்மவர் வீடுகளில் வளரும் நாய்களுட் பல சரியாக வளர்க்கப்படவில்லை என்பதும், தீட்டு என்று ஒன்று உண்டாயின் அது அங்கேதான் இருக்கின்றது என்பதும் இரண்டாவது.

முதலில் சமயத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் வைரவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கை முடக்கிலும் கிணற்றடியிலும் வயற்கரையிலும் ஒரு சூலத்தை நட்டு வைரவர் என்று கும்பிட்ட சமூகம் நம்முடையது. அவருக்கு வடைமாலை சாத்துகின்றோம். அவருடைய வாகனம் எது? அதே வைரவர் கோயில் வாசலில் வந்து படுத்த நாய்க்குக் கல்லெறிந்ததும் நாம்தான். சிறு வயதில் நானும் எறிந்திருக்கின்றேன். எறிந்துவிட்டு உள்ளே போய்க் கைகூப்பியும் இருக்கின்றேன்.

இருக்கு வேதத்தில் சரமை என்னும் பெண் நாய், களவுபோன பசுக்களைத் தேடிக் கண்டுபிடிக்க இந்திரனின் தூதாகச் செல்கின்றது. மகாபாரதத்தின் முடிவில் தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், தருமருடன் கடைசிவரை நடந்து வந்தது ஒரு நாய். தேரில் ஏறு, நாயை விட்டுவிடு என்று இந்திரன் சொன்னபோது, நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்றார் தருமர். அந்த நாய் தருமதேவதை என்பது கதையின் முடிவு. ஆனால் அது தருமதேவதை என்று தெரியாமலே அவர் அப்படிச் சொன்னார் என்பதுதான் கதையின் சாரம். நேபாளத்து இந்துக்கள் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையின் இரண்டாம் நாளை நாய்களுக்கென்றே ஒதுக்கி, மாலையிட்டுத் திலகமிட்டு உணவளிக்கின்றனர். நம் மணிவாசகப் பெருமானோ திருவாசகத்தில் தம்மை நாயேன் என்றே பல இடங்களில் சொல்லிக்கொள்கின்றார். தாழ்மைக்காகச் சொன்னது என்பீர்கள். உண்மை. ஆனால் தலைவனைவிட்டு நீங்காத பிராணி என்ற பொருளும் அச்சொல்லுக்குள் இருக்கின்றது.

எதிர்த்தரப்பில் சொல்லக்கூடிய கதையையும் நானே சொல்கின்றேன். பட்டினத்தாரும் அவருடைய சீடர் பத்திரகிரியாரும் திருவிடைமருதூரில் இருந்தனர். அரசைத் துறந்து வந்த பத்திரகிரியாரிடம் பிச்சை எடுக்க ஓர் ஓடும், அவர் இட்ட மிச்சத்தை உண்டு கூடவே கிடந்த ஒரு நாயும் மட்டும் இருந்தன. பட்டினத்தாரிடம் ஒருவர் வந்து பிச்சை கேட்டபோது, "நான் ஆண்டி, அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்" என்று அனுப்பினாராம். ஓடும் நாயும் வைத்திருந்ததனால் பத்திரகிரியார் சம்சாரியாகிவிட்டார். இக்கதையைச் சொல்லி, நாய் ஒரு பந்தம், ஆன்மிகத்துக்கு இடைஞ்சல் என்பார் உளர்.

துறவிக்கு அது சரி. ஆனால் டிரெஸ்டனில் வாடகை கொடுத்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோடை விடுமுறைக்கு விமானச் சீட்டு விலை பார்க்கும் நம்மில் துறவி யார்? பட்டினத்தார் வாக்கை நான் வசையாக எடுக்கவில்லை. ஒரு வரைவிலக்கணமாக எடுக்கின்றேன். நாய் வளர்ப்பவன் சம்சாரி. அதாவது, தன்னை நம்பிய ஓர் உயிருக்கு நேரத்துக்கு உணவும் இடமும் காவலும் கொடுக்கும் கடமையை ஏற்றவன். அதுதானே இல்லறம்? அதைச் செய்பவரை இறைபணியிலிருந்து விலக்குவதற்கு எந்த ஆகமத்தையும் தேடத் தேவையில்லை.

சுத்தம் என்ற கேள்வி நியாயமானது. அதை நான் தள்ளவில்லை. நாய் சுவாமி அறைக்குள் வரக்கூடாது. நைவேத்தியம் செய்யும் நேரத்தில் குசினிக்குள்ளும் வரக்கூடாது. குளித்து, உடை மாற்றி, கதவைச் சாத்திவிட்டு, அதற்கென வைத்த பாத்திரத்தில் சமைக்க வேண்டும். நாய்க்கு மிருக வைத்தியர் சொன்னபடி குடற்புழுக் குளிசை கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் குறை என்ன? நம் உறுப்பினர் பலருடைய வீட்டில் கிழமையில் மூன்று நாள் மீனும் இறைச்சியும் சமைக்கின்றனர். பூசையன்று குளித்துச் சுத்தமாகச் செய்து கொண்டுவருகின்றனர். நாம் மனமுவந்து ஏற்கின்றோம். சட்டியில் வெந்த மீனுக்கு உள்ள பொறுமை, வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு மட்டும் இல்லாமற் போவது எந்த ஆசாரம்?

இனி இரண்டாவது கருத்து. இதுவே எனக்கு முக்கியமானது.

நம்மவர் வீட்டு நாய்களை நான் கவனித்துத்தான் வருகின்றேன். 2020, 2021 ஆம் ஆண்டுகளில், கொரோனாவினால் எல்லோரும் வீட்டிலிருந்த காலத்தில், பிள்ளைகள் கேட்டார்கள் என்று குட்டி வாங்கியவர் பலர். வேலையும் பள்ளியும் பழையபடி தொடங்கியதும் அந்தக் குட்டிகளின் பாடு என்ன? காலை ஏழு மணிக்கு வீடு பூட்டப்படும். மாலை ஐந்துக்குத் திறக்கப்படும். சில வீடுகளில் நாய் பகல் முழுவதும் பல்கனியில். மாலையில் பத்து நிமிடம் கீழே கொண்டுபோய் மரத்தடியைக் காட்டிவிட்டு மேலே கொண்டுவந்தால் கடமை முடிந்தது. பிறகு அது குரைக்கின்றது, சோபாவைக் கடிக்கின்றது, பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுகின்றார் என்று முறைப்பாடு. இரண்டொரு நாய்கள் மிருகக் காப்பகத்துக்கும் போய்விட்டன. "குடுத்திட்டம்" என்று சொல்லும்போது, பழைய மேசை ஒன்றைக் கொடுத்ததுபோலச் சொல்கின்றனர்.

இந்த நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1990 ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் குடியியற் சட்டத்தில், மிருகங்கள் பொருட்கள் அல்ல என்று எழுதிவிட்டார்கள். 2002 இல் மிருகப் பாதுகாப்பு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. நாய்கள் பற்றிய பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி நாயைக் குறைந்தது நாளுக்கு இரு முறை, மொத்தம் ஒரு மணித்தியாலமாவது வெளியே கொண்டுபோக வேண்டும். வளர்ப்பவர் நாளில் பல தடவை அதனுடன் நேரம் செலவிட வேண்டும். பழக்கும்போது முட்பட்டி போன்ற, வலி உண்டாக்கும் கருவிகள் கூடாது. கட்டி வைத்து வளர்ப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளது. எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

கட்டி வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நம் நாய்கள் படலையடியில் சங்கிலியில் நின்றவைதான். கடிக்க வேண்டும் என்பதற்காகவே கட்டி வளர்த்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டுச் செம்மணி வெளியால் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, நானும் அக்கூட்டத்தில் நடந்தேன். மழை. புறப்படும்போது ஐயா சொன்னார், "நாயை அவிழ்த்துவிடு" என்று. அவிழ்த்துவிட்டேன். அது எங்களுக்குப் பின்னால் ஒழுங்கை முடிவுவரை வந்தது. பெருந்தெருவில் சனத்துக்குள் காணாமற் போயிற்று. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது, படலையடியில் சங்கிலி கிடந்தது. பக்கத்து வளவில் கிடந்த சங்கிலியின் நுனியில் கழுத்துப் பட்டியும் பூட்டியபடி இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? பிள்ளைகளைத் தூக்கவே கை போதாத இரவு அது. தருமர் செய்ததை நம்மால் அன்று செய்ய முடியவில்லை. ஆனால் இன்று முடியும். இங்கே குண்டும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை. நேரமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உயிரைப் பல்கனியில் பூட்டி வைப்பதற்கு, அந்த இரவின் சாக்குக்கூட நமக்கு இல்லை.

நாய் எப்படிப்பட்டது என்பது, மனிதன் அதனிடம் எதைக் கேட்கின்றான் என்பதைப் பொறுத்தது. இதற்கு நாம் வாழும் நகரமே சாட்சி. ஊரில் அல்சேஷன் என்று பெருமையாகச் சொல்வோமே, அந்த ஜேர்மன் மேய்ப்பு நாய் இனத்தை ஒழுங்குபடுத்தியவர் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ். குதிரைப்படை அதிகாரியாக இருந்த இவர் 1864 இல் இந்த டிரெஸ்டனில் பிறந்து, 1936 இல் இங்கேயே காலமானவர். 1899 ஏப்ரலில் கார்ள்ஸ்ரூவேயில் நடந்த ஒரு கண்காட்சியில், ஆடு மேய்க்கும் நாய் ஒன்றைக் கண்டு வாங்கி, ஹொறான்ட் என்று பெயர் மாற்றி, தாம் தொடங்கிய சங்கத்தின் பதிவேட்டில் முதல் நாயாக எழுதினார். அழகைவிட வேலைத்திறனும் குணமுமே முக்கியம் என்பது அவருடைய கொள்கை.

அந்த இன நாய்கள் பின்னர் என்னென்ன செய்தன! 1916 இல் ஓல்டன்பர்க் நகரில், போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. அதே இனத்தை நாசிகளின் சிறைமுகாம்களில் கைதிகள் மீது ஏவினர். நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், கிழக்கு ஜேர்மனியின் எல்லையில், நீளக் கம்பியில் சங்கிலியை ஓடவிட்டு நாய்களைக் காவலுக்குக் கட்டியிருந்தனர். 1989 நவம்பரில் எல்லை திறந்தபின், அந்த நாய்களுட் பலவற்றுக்கு வீடு தேடிக் கொடுக்கப்பட்டது. கண்ணில்லாதவருக்குக் கண்ணாக இருந்ததும், கைதியைக் கடித்ததும் ஒரே இனம். குற்றம் நாயில் இல்லை. பழக்கியவர் கையில் இருக்கின்றது.

ஆகவே, நாய் வாங்க எண்ணும் குடும்பங்களுக்கும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கின்றேன்.

வாங்குமுன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடாது என்று பொதுவாக எழுதியிருந்தாலே அது செல்லாது என 2013 மார்ச் 20 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் யாரும் எதையும் வளர்க்கலாம் என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றே சொல்கின்றது. மாநகர சபையில் பதிந்து நாய் வரி கட்டுங்கள். நாய் விளைவிக்கும் சேதத்துக்குச் சட்டப்படி வளர்ப்பவரே பொறுப்பு. சைக்கிளில் வந்தவர் நாயால் விழுந்து கை முறிந்தாலும் பொறுப்பு உங்களுடையது. ஆகையால் பொறுப்புக் காப்புறுதி ஒன்று எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து குட்டி கொண்டுவர எண்ணுவோர் கவனிக்க: தோலுக்கடியில் அடையாளச் சில்லு, விசர்நாய்க்கடித் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாட்களின் பின் இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசையாக விதிகள் உண்டு. ஜேர்மனி 2008 முதல் நரி, நாய்களிடையே விசர்நோய் அற்ற நாடு. அதைக் காப்பதற்கான விதிகளைக் குறுக்குவழியில் தாண்ட முயல வேண்டாம்.

இனம் தெரியும்போது படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நமக்கு அண்மையிலுள்ள மைசன் பீங்கான் தொழிற்சாலையில் 1731 முதல் பணியாற்றிய சிற்பி கென்ட்லர், பக் நாய்களின் உருவங்கள் பலவற்றைச் செய்தார். அவற்றைப் பார்த்தால், அக்காலத்துப் பக் நாய்க்கு ஓரளவு நீண்ட மூக்கு இருந்தது தெரியும். அழகுக்காக மூக்கை மேலும் மேலும் தட்டையாக்கியதன் பலன், இன்று அந்நாய்கள் நித்திரையிலும் மூச்சுக்குத் திணறுகின்றன. பிள்ளைகள் அதைக் குறட்டை என்று சிரிக்கின்றனர். அது குறட்டையல்ல, வருத்தம்.

உணவு. நம் வீட்டில் இதுவே பெரிய பிழை. மிஞ்சிய சோற்றையும் கறியையும் போடுவது ஊர்ப் பழக்கம். சோறு தவறில்லை, ஓநாயைவிட நாய்க்கு மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்று 2013 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரபணுவை ஆராய்ந்து காட்டினர். ஆனால் சோறும் சொதியும் மட்டும் போதாது. புரதமும் மற்றச் சத்துக்களும் வேண்டும். சைவ உணவிலேயே வளர்க்க விரும்புவோர் மிருக வைத்தியரைக் கேட்டு, முழுச் சத்தும் அடங்கிய உணவாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்ததாயினும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் கறியில் இவை இல்லாத நாள் எது? திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே பிரசாதம்தானே என்று சர்க்கரைப் பொங்கலையோ கேசரியையோ நாய்க்கு வைக்காதீர்கள். பக்தியினால் செய்தாலும் நஞ்சு நஞ்சுதான். சொக்கலேற்றும், சீனியில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டோலும் இவ்வாறே ஆபத்தானவை. சமைத்த எலும்பு பிளந்து குடலில் குத்தும்.

பழக்குதல். முதலில் வீட்டார் பழக வேண்டும். நான் அறிந்த ஒரு வீட்டில் அப்பா "இரு" என்பார், அம்மா "குந்து" என்பார், மகன் ஜேர்மன் மொழியில் "சிற்ஸ்" என்பான், அப்பம்மா "சீ, அங்கால போ" என்பார். நான்கும் ஒன்றையே குறிக்கின்றன என்று நாய்க்கு எப்படித் தெரியும்? கடைசியில் எல்லோரும் சேர்ந்து, நாய்க்குச் சொல்வழி கேட்கத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டனர். எந்த மொழியானாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று வீட்டில் கூடி முடிவுசெய்யுங்கள். தமிழில் சொன்னாலும் நாய்க்கு நன்றாக விளங்கும். சொன்னதைச் செய்த அடுத்த ஒன்றிரண்டு விநாடிக்குள் ஒரு சிறு துண்டு உணவோ அன்பான சொல்லோ கொடுங்கள். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை பழக்குவது, ஞாயிறன்று ஒரு மணித்தியாலம் பழக்குவதைவிட மேல்.

குட்டி வீட்டில் நனைத்தால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் அது கற்பது ஒன்றே: உங்களுக்குத் தெரியாமல் சோபாவின் பின்னால் நனைக்க வேண்டும் என்பது. நித்திரையால் எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் வெளியே கொண்டுபோங்கள். வெளியே இருந்தால் பாராட்டுங்கள். வீட்டில் நனைத்தால் பேசாமல் துடையுங்கள். பிறந்த மூன்றாம் கிழமை முதல் பன்னிரண்டு, பதினான்காம் கிழமை வரை குட்டி எதைக் கண்டு பழகுகின்றதோ, அதைப் பின்னர் அஞ்சாது. டிராம் வண்டியும், தள்ளுவண்டியும், சேலை கட்டியவரும், நம் மேளச் சத்தமும் அக்காலத்தில் தூரத்திலிருந்து மெல்லப் பழக்க வேண்டியவை.

தனியே இருக்கவும் படிப்படியாகப் பழக்க வேண்டும்: முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு அரை மணித்தியாலம். வளர்ந்த நாயாயினும் நான்கைந்து மணித்தியாலத்துக்கு மேல் தனியே விடுவது தகாது. பூசைக்கு வருவோர் சிலர் நாயைக் காரில் பூட்டிவிட்டு வருவதைக் கண்டுள்ளேன். வெளியே 20 பாகை வெப்பம்தான் என்றாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணித்தியாலத்தில் 30 பாகையைத் தாண்டிவிடும். நாய் நம்மைப்போல உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். உள்ளே தீபாராதனை நடக்க, வெளியே ஓர் உயிர் வெந்துகொண்டிருப்பதை எந்தச் சுவாமி ஏற்பார்?

எல்பே ஆற்றங்கரைப் புல்வெளியில் நடந்து வந்தால், காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் கழுத்தடியிலும் உண்ணி பாருங்கள். பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும்; வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடையுங்கள். டிசம்பர் 31 இரவு வாணவெடி தொடங்குமுன் கூட்டிப்போய் வந்து, யன்னலை மூடி, அருகில் ஒருவர் இருங்கள். வெடிச் சத்தத்துக்குக் கட்டிலின் கீழே ஒளிவது என்ன என்று நம் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்குப் பாருங்கள். நாயின் ஆயுள் பத்து முதல் பதினான்கு ஆண்டுகள். பத்து வயதுப் பிள்ளை கேட்டு வாங்கிய நாய், அப்பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்னும் இருக்கும். அதன் முதுமையையும் மூட்டு நோவையும் மருத்துவச் செலவையும் பார்க்கப்போவது நீங்கள். முடியாது என்று தோன்றினால் வாங்காதீர்கள். பிள்ளையிடம் முடியாது என்று சொல்லுங்கள். வாங்காமல் விடுவது பாவமல்ல. வாங்கிவிட்டுக் கைவிடுவதே பாவம்.

முடிவாக நிர்வாக சபைக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: நாய் வளர்க்கின்றனர் என்ற காரணத்துக்காக எந்தக் குடும்பத்தின் நைவேத்தியமும் அன்னதானமும் மறுக்கப்படலாகாது. நைவேத்தியம் செய்யும் சுத்த முறையை எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு: வழிகாட்டி நாய் தவிர வேறெந்த நாயையும் பூசை மண்டபத்துக்குள் கொண்டுவரலாகாது என்பதையும் அப்பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று: திருவிழா நாட்களில் பூசை ஐந்தாறு மணித்தியாலம் நீள்வதால், நாய் வைத்திருக்கும் குடும்பங்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் நாய்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஒழுங்கு செய்யுங்கள். முதல் முறைக்கு நானே பெயர் தருகின்றேன்.

அடுத்த பூசைக்கு அந்தச் சகோதரி மீண்டும் மோதகம் அவித்துக் கொண்டுவர வேண்டும் என்று, இம்மடல் மூலம் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன். தட்டை வாங்கி மடையில் வைக்கக் குசினி வாசலில் நான் நிற்பேன். அவருடைய மகளும் கூட வரட்டும். அன்று தாயிடம் கேட்ட கேள்விக்கு, நாம் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது.

வைரவப் பெருமான் துணை.

— சங்க உறுப்பினர் ஒருவர்